தண்ணி இல்லாத ஊர்ல கிடைச்ச சாப்பாடு

 

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது உக்காந்து படிங்க.

வடநாட்டு யாத்திரை போயிட்டு வந்து மூணு மாசம் ஆகுது. கோயில்ல பாக்குறவங்க எல்லாம், "அண்ணே, படம் மட்டும் போட்டீங்க, கதையைச் சொல்லவே இல்லையே"ன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. சொல்லாததுக்குக் காரணம் இருக்கு. அந்தக் கதையைச் சொன்னா, நம்ம கோயில்ல நான் செஞ்ச ஒரு காரியத்தையும் சேத்துச் சொல்லணும். அதுக்கு மனசு வரல. இப்போ சித்திரைத் திருவிழாவுக்குக் கூட்டம் போட்டு, அன்னதானப் பொறுப்பை மறுபடியும் என் கையிலேயே கொடுத்துட்டாங்க. இனிமே சொல்லாம இருக்கறது சரியில்ல. நான் எஸ்.பி.எம். வரைக்கும் படிச்சவன், எழுத்தாளன் கிடையாது. பிழை இருந்தா பொறுத்துக்கணும்.

போன டிசம்பர் மாசம் நானும் வீட்டம்மாவும், என் தங்கச்சியும் மச்சானும், ஆக நாலு பேர் ராஜஸ்தான் போனோம். காசி, ராமேஸ்வரம்னு போறவங்க நம்மள்ல நிறைய பேர். ராஜஸ்தான் பாலைவனத்துக்கு யாத்திரையான்னு கேப்பீங்க. வீட்டம்மாவுக்கு முந்தின வருசம் பெரிய ஆபரேஷன் நடந்துச்சு. படுக்கையில கிடந்தப்போ போன்ல ஒரு வீடியோ பாத்திருக்கா. பாகிஸ்தான் எல்லைக்குப் பக்கத்துல, மணலுக்கு நடுவுல தனோட் மாதா கோயில்னு ஒண்ணு. 1965 சண்டையில கோயிலைச் சுத்தி ஆயிரக்கணக்கான குண்டு விழுந்தும் கோயிலுக்கு ஒண்ணும் ஆகலன்னு சொல்றாங்க. வெடிக்காத குண்டுகளை இன்னிக்கும் கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்காங்க. "இந்த அம்மாவைப் பாக்கணுங்க"ன்னு அப்பவே வேண்டிக்கிட்டா. வேண்டுதல்னு ஆனப்புறம் நான் என்ன சொல்றது?

டெல்லியில எறங்கி, ரயில்ல ஜோத்பூர், அங்கேருந்து வாடகைக் காடி. டிரைவர் ஜோத்பூர்க்காரத் தம்பி, அவனுக்கு இந்தியும் மார்வாடியும்தான் தெரியும். என் கூட வந்த மூணு பேருக்கும் இந்தி சுத்தமா வராது. எனக்கு அரைகுறையா வரும். அது எப்படி வந்துச்சுன்னு சொல்லிடறேன், பின்னாடி தேவைப்படும்.

தேயிலை ஃபேக்டரியில என் ஷிஃப்ட்ல இருபது பேருக்கு மேல. நம்ம ஆளுங்க நாலே பேர். மத்தவங்க நேப்பாளம், பங்களாதேஷ், ரெண்டு மூணு இந்தோனேசியா. எங்க அப்பா காலத்துல கொழுந்து கிள்ளுறதுலேருந்து டிரையர் வரைக்கும் தமிழ்க் குரல்தான் கேக்கும். இப்போ மெஷின் சத்தத்துக்கு நடுவுல அஞ்சு பாஷை ஓடுது. பொதுவா எல்லாரோடயும் மலாய்லதான் பேசுவோம். ஆனா டிரையர்ல நிக்கிற நேப்பாளத் தம்பி ஒருத்தன் இருக்கான். மலைப்பக்கம் இல்ல, கீழே சமவெளிப் பக்கம், ஜனக்பூர். ஆமா, சீதா தேவி பொறந்த ஊர்னு சொல்றாங்களே, அதேதான். அவனுக்கு இந்தி நல்லா வரும். ராத்திரி ஷிஃப்ட்ல தூக்கம் வராம இருக்கணும்ல, அதுக்காக அவன் எனக்கு இந்தி சொல்லித் தருவான், நான் அவனுக்குத் தமிழ் சொல்லித் தருவேன். 'பானி'ன்னா தண்ணி, 'கானா காயா'ன்னா சாப்பிட்டாச்சா. ஆறு வருசத்துல நான் இந்தி படிச்சது அந்த டிரையர் பக்கத்துலதான்.

சரி, பயணத்துக்கு வரேன்.

ஜோத்பூரைத் தாண்டினதும் பச்சை குறைஞ்சுகிட்டே போகுது. நாம மலையில பொறந்து வளந்தவங்க. கண்ணுக்கு எட்டுற தூரம் வரைக்கும் மேடே இல்லாம ஒரு பூமியைப் பாத்ததும் தங்கச்சிக்கு வயித்தைப் பெரட்டுதுன்னு சொன்னா. அங்கங்க முள்ளு மரம். கேஜ்ரின்னு சொல்றாங்க, அந்த மாநிலத்து மரமே அதுதான்.

வழியில ராம்தேவ்ரா. நம்ம ஆளுங்க அவசியம் போய்ப் பாக்க வேண்டிய எடம். ராம்தேவ் பாபான்னு ஒரு மகான், ஐந்நூறு அறுநூறு வருசத்துக்கு முன்னால வாழ்ந்தவர், அங்கதான் சமாதி. பக்தர்கள் துணியில தைச்ச குதிரையைக் காணிக்கையா வைக்கிறாங்க. பாத்ததும் எனக்கு நம்ம அய்யனார் மண் குதிரைதான் ஞாபகம் வந்துச்சு. மச்சான் அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டு, "அய்யனாரப்பா, இங்க எப்படா வந்தே?"ன்னு கேட்டுட்டார். இந்து, முஸ்லிம் ரெண்டு பேரும் கும்பிடற சமாதி அது. முஸ்லிம்கள் 'ராம்சா பீர்'னு சொல்றாங்க.

அதுக்கு டிரைவர் தம்பி ஒரு கதை சொன்னான். மக்காவுலேருந்து அஞ்சு பெரியவங்க பாபாவைச் சோதிக்க வந்தாங்களாம். சாப்பிட உக்கார வச்சதும், "நாங்க எங்க சொந்தப் பாத்திரத்துலதான் சாப்பிடுவோம், அது மக்காவுல இருக்கு"ன்னு சொல்லிட்டாங்களாம். பாபா கையை நீட்டினாராம். அவங்கவங்க பாத்திரம் ஆகாசத்துல பறந்து வந்து அவங்கவங்க முன்னாடி எறங்குச்சாம். பாபா சமாதிக்குப் பக்கத்துலேயே டாலிபாய்னு ஒரு அம்மாவுக்கும் சமாதி இருக்கு. தாழ்த்தி வச்சிருந்த ஜாதியில பொறந்த பொண்ணு, பாபா தங்கச்சியா ஏத்துக்கிட்டவர். அப்போ நான் இதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கிட்டு, பிரசாதத்தை வாங்கிக்கிட்டு காடியில ஏறிட்டேன்.

பொக்ரான்ல டீ குடிக்க நிறுத்தினோம். 1974-லயும் 1998-லயும் இந்தியா அணுகுண்டு சோதனை நடத்தின ஊர். கடைக்காரர் எங்க நெத்தியப் பாத்துட்டு எந்த ஊர்னு கேட்டார். மலேசியான்னேன், அவருக்குப் புரியல. தமிழ்னேன். உடனே முகம் மலர்ந்து, "கலாம் சாப்!"னு கையைத் தட்டினார். அப்துல் கலாம் ஐயா 1998-ல ராணுவ உடுப்புப் போட்டுக்கிட்டு, வேற பேர்ல அங்க வந்துபோனது ஊருக்கே தெரிஞ்ச கதை. நாலு டீக்கும் காசு வாங்க மாட்டேன்னுட்டார். கலாம் ஐயா புண்ணியத்துல எங்களுக்கு இலவச டீ.

டீயைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலன்னா எனக்குத் தூக்கம் வராது. ஃபேக்டரியில நாங்க கொழுந்தை வாட்டி, உருட்டி, பதமா நிறம் மாற விட்டு, காய வச்சு, ஒரு டிகிரி ரெண்டு டிகிரி ஏறினாலே பதறுறோம். இவங்க அதைப் பாலு, சக்கரை, இஞ்சியோட போட்டு அரைமணி நேரம் கொதிக்க வச்சே கொன்னுடறாங்க! ஆனா அந்தக் குளிர்ல உள்ள எறங்கறப்போ குறை சொல்ல வாய் வரல. பாலைவனம்னா வெயில்னுதான நினைச்சுப் போனோம். டிசம்பர் ராத்திரி ஏழு எட்டு டிகிரிக்கு எறங்கிடுது. கேமரன் மலைக்காரனே நடுங்கிட்டேன்.

ஜெய்சால்மர் கோட்டையைப் பத்தி எல்லாரும் எழுதிட்டாங்க. 1156-ல கட்ட ஆரம்பிச்சது, மஞ்சள் கல்லு, இன்னிக்கும் உள்ளே ஜனங்க குடியிருக்காங்க. படம் போட்டிருக்கேன், பாத்துக்குங்க. எனக்கு மனசுல நின்னது கடிசர்னு அவங்க ஏரி. ஊருக்கே குடிதண்ணி ஒரு காலத்துல அதுலேருந்துதான். மழை வருசத்துக்கு 200 மில்லிமீட்டர் அளவுதான் அந்த ஊர்ல. நமக்கு 2,500-க்கு மேல. அதான் நம்ம ரிங்லெட் ஏரியில சேறையும் பிளாஸ்டிக்கையும் கொட்டி வச்சுக்கிட்டு, பாலத்துல நின்னு படம் எடுக்கிறோம்.

தனோட் அங்கேருந்து 120 கிலோமீட்டர். எல்லைப் பகுதிங்கறதால நம்ம மலேசியப் பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்கணும். எங்க டிராவல்ஸ்காரர் வாங்கி வச்சிருந்தார். போறவங்க இதை மறக்காம விசாரிச்சுக்கிட்டுக் கெளம்புங்க. பாதி வழியில ராம்கட்னு ஒரு சின்ன டவுன். நாலு கடை, ஒரு பெட்ரோல் பங்க், ஒட்டகம் ரெண்டு சடக்கு ஓரமா நிக்குது. பஞ்சாப்லேருந்து சட்லெஜ், பியாஸ் ஆத்துத் தண்ணியை இந்திரா காந்தி கால்வாய்ல அந்தப் பக்கம் வரைக்கும் கொண்டு வந்திருக்காங்க. கால்வாய் ஓரத்துல மட்டும் பச்சை. அதை விட்டுத் தள்ளிப் போனா மறுபடியும் மணல்தான்.

ராம்கட்டைத் தாண்டி இருபது கிலோமீட்டர் இருக்கும். காடி நின்னுடுச்சு. ஃபேன் பெல்ட் அறுந்துபோச்சு, மாத்து பெல்ட் இல்ல. போன்ல சிக்னல் ஒரு கோடு வரும், போகும். அந்தப் பக்கமா வந்த லாரியை நிறுத்தி, டிரைவர் தம்பி ராம்கட்டுக்குத் திரும்பிப் போய்ட்டான். "ரெண்டு மணி நேரத்துல வந்துடறேன், இங்கேயே இருங்க"ன்னுட்டான். அப்போ மணி ரெண்டு. எங்ககிட்ட இருந்தது ஒரு பாட்டில் தண்ணியும் நாலு பிஸ்கட் பாக்கெட்டும். வீட்டம்மா சாப்பிட்டுட்டு மாத்திரை போடணும். வாய்ல ஒண்ணும் சொல்லல, ஆனா முகம் வெளுத்துப் போச்சு. எனக்குப் பயம் வந்துடுச்சு. மணல்ல காத்து அடிக்கிற சத்தம் தவிர வேற சத்தமே கெடையாது.

அரைமணி நேரத்துல ஒரு ஆட்டுக்கூட்டம் வந்துச்சு. பின்னாடி தலைப்பாகை கட்டின ஒரு பெரியவர். எழுபது வயசு இருக்கும். எங்களைப் பாத்தார், காடியைப் பாத்தார், வீட்டம்மா முகத்தைப் பாத்தார். "பானி?"ன்னார். அப்புறம், "கானா காயா?"

அன்பர்களே, ஃபேக்டரியில ஆயிரம் தடவை கேட்ட வார்த்தை. அந்த எடத்துல அதைக் கேட்டப்போ எனக்குத் தொண்டை அடைச்சுக்கிச்சு.

சடக்குலேருந்து பத்து நிமிச நடை. அவங்க குடியிருப்பு நாலஞ்சு குடிசை, வட்டமா மண் சுவர், மேலே கூம்பு மாதிரி புல்லுக் கூரை. சாணி போட்டு மெழுகின வாசல், அவ்வளவு சுத்தம். கயித்துக் கட்டில் ரெண்டைக் கொண்டுவந்து போட்டு, மேல நல்ல போர்வை விரிச்சு உக்கார வச்சாங்க. பெரியவர் மருமக முக்காட்டோட வந்து வீட்டம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு உள்ளே கூட்டிட்டுப் போயிட்டா. பாஷை தெரியாது ரெண்டு பேருக்கும். பத்து நிமிசத்துல உள்ளேருந்து சிரிப்புச் சத்தம் வருது.

எனக்குக் கை கால் கழுவ ஒரு செம்புல தண்ணி கொடுத்தாங்க. நான் நம்ம ஊர் பழக்கத்துல மொத்தத்தையும் கால்ல கவுத்துட்டேன். ஒரு சின்னப் பொண்ணு ஓடிவந்து கால்கிட்ட ஒரு தகரத் தட்டை வச்சா. விழுந்த தண்ணியில பாதியாவது அதுல சேந்துச்சு. அதை எடுத்துட்டுப் போய் ஆட்டுக்குட்டிக்கு வச்சா. யாரும் என்னை ஒண்ணும் சொல்லல. குடிக்கிற தண்ணியை அவங்க தரைக்கு அடியில கட்டின தொட்டியில சேத்து வைக்கிறாங்க, டாங்கான்னு பேரு. மழை பெய்யற அந்தக் கொஞ்ச நாள்ல ஓடுற தண்ணிதான் அதுல. அதை அப்புறம்தான் பெரியவர் மூடியைத் தொறந்து காட்டினார். எட்டிப் பாத்தேன், கொஞ்சம்தான் கெடந்துச்சு.

பேசிக்கிட்டு இருக்கறப்போதான் அவங்க முஸ்லிம்னு தெரிஞ்சுது. நாங்க தனோட் மாதாவுக்குப் போறோம்னதும் பெரியவர் நெஞ்சுல கையை வச்சு ஏதோ சொன்னார், மாதா பேர் மட்டும் புரிஞ்சுது. அப்புறம், சாப்பாடு தயாராகுதுன்னார்.

நான் உள்ளதைச் சொல்லிடணும். அந்த நேரத்துல எனக்குள்ள ஒரு தயக்கம் வந்துச்சு. நாங்க வேண்டுதலுக்காக நாப்பத்தெட்டு நாள் சைவம். என்ன பாத்திரமோ, அதுல என்ன சமைச்சாங்களோன்னு ஒரு நினைப்பு. வாயைத் திறந்து ஒண்ணும் சொல்லல. ஆனா முகத்துல தெரிஞ்சிருக்கும் போல. பெரியவர் என்னை ஒரு நிமிசம் பாத்தார். ஒரு பையனைக் கூப்பிட்டுக் காதுல ஏதோ சொன்னார். அவன் மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் ஓடினான். கால்மணி நேரத்துல திரும்பி வந்தான், தலையில ஒரு மூட்டை. பிரிச்சா, ரொட்டி சுடற தட்டு, ஒரு சட்டி, நாலு தட்டு, நாலு தம்ளர். மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கற இந்துக் குடும்பத்துலேருந்து வாங்கிட்டு வந்திருக்கான். பெரியவர் அதைக் காட்டி, "ஆப் கே லியே"ன்னார். உங்களுக்காக. கூடவே அந்த வீட்டு அம்மாவும் பின்னாடி நடந்து வந்தாங்க, இடுப்புல மோர்ப் பானையோட.

நான் தலையைக் குனிஞ்சுகிட்டேன். ராம்தேவ்ராவுல கேட்ட கதையில பாத்திரம் ஆகாசத்துல பறந்து வந்துச்சு. இங்க ஒரு பத்து வயசுப் பையன் தலையில சுமந்து வந்திருக்கான்.

கயித்துக் கட்டில்ல உக்காந்துகிட்டு நம்ம கோயில் சமையல் கூடாரத்தைத்தான் நினைச்சேன். இப்போ அதைச் சொல்லிடறேன்.

ரெண்டு வருசத்துக்கு முந்தின திருவிழா. உங்கள்ல பல பேர் இருந்தீங்க. அன்னிக்கும் வழக்கம்போல மழை. கூடாரத்துக்குள்ள இடம் போதல. வரிசை செருப்பு வைக்கிற எடம் வரைக்கும் நின்னுச்சு. கரண்டி என் கையில. ரெண்டு மணி வாக்குல சாதம் கொறைஞ்ச மாதிரி தெரிஞ்சுது. அப்போ என் டிரையர் தம்பி அஞ்சாறு கூட்டாளிகளோட வரிசையில வந்து நின்னான். ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு, தூங்காம, குளிச்சு, தொவைச்ச சட்டை போட்டு, நெத்தியில குங்குமம் வச்சு வந்திருந்தாங்க. நான் அவனைப் பாத்து, எல்லார் முன்னாடியும், "துங்கு டுலு"ன்னேன். இரு முதல்ல. நம்ம ஆளுங்க சாப்பிடட்டும்னேன். சொன்னதோட நிக்காம, மேசையைக் குறுக்கே இழுத்துப் போட்டேன். அவன், "தாப்பா போஸ்"னு சொல்லி ஒதுங்கி நின்னான். பரவாயில்லன்னு அர்த்தம். மழையில நின்னாங்க. நான் வேலையில மறந்துட்டேன். திரும்பிப் பாத்தப்போ ஆள் இல்ல.

அன்னிக்குச் சாதம் பத்தாமப் போகல. சாயந்திரம் ஒரு அண்டா மிச்சம். காய்கறித் தோட்டத்துக்காரர் ஒருத்தர் கோழிக்கு ஏத்திட்டுப் போனார். அண்டாவை லாரியில தூக்கி வச்ச ஆள்ல நானும் ஒருத்தன்.

மறுநாள் ஃபேக்டரியில, "குட் மார்னிங் போஸ்"னு எப்பவும் போலத்தான் சொன்னான். இந்திப் பாடமும் நடந்துச்சு. ஆனா அதுக்கப்புறம் அவன் கோயிலுக்கு வரல. அதுக்கு முன்னாடி வெள்ளிக்கிழமை தவறாம வருவான். ஏன் வரலன்னு நான் கேக்கல. கேட்டா பதில் சொல்லிடுவானோன்னு பயம்தான்.

சாப்பாடு வந்துச்சு. கம்பு ரொட்டி, நல்ல தடிமனா, மேல நெய்யை ஊத்திக்கிட்டே இருக்காங்க, கையால மறிச்சாலும் விட மாட்டேங்கறாங்க. கேஜ்ரி மரத்துக் காயைக் காய வச்சு ஒரு காட்டுப் பழத்தோட சேத்துச் சமைச்ச கறி, கேர் சாங்ரின்னு பேரு. பூண்டு மிளகாய்ச் சட்னி, வெல்லம், மோர். ரெண்டு வீட்டுப் பொம்பளைங்களும் ஒரே அடுப்புல மாத்தி மாத்திச் சுட்டாங்க. வீட்டம்மா மூணு ரொட்டி சாப்பிட்டா. ஆபரேஷனுக்கு அப்புறம் அவ அவ்வளவு சாப்பிட்டு நான் பாத்ததில்ல. நாங்க சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பெரியவர் சாப்பிடல, பிள்ளைங்களும் சாப்பிடல. சின்னதுங்க தூரத்துல நின்னு எங்க தட்டையே பாத்துக்கிட்டு இருந்துச்சுங்க. மச்சான் நாலாவது ரொட்டிக்குக் கையை நீட்டினப்போ நான் காலால அவரை மிதிச்சேன்.

காசு கொடுக்கப் பாத்தேன். பெரியவர் என் கையை மடக்கி என் சட்டைப் பையிலேயே வச்சுட்டார். "மெஹ்மான்"னார். விருந்தாளி. அதுக்கு மேல பேச்சு இல்ல.

நல்லவேளை, தங்கச்சி பையில நம்ம கேமரன் தேயிலை பாக்கெட் ஆறு இருந்துச்சு, யாருக்காவது கொடுக்கலாம்னு கொண்டு வந்தது. ரெண்டு வீட்டுக்கும் ரெண்டு ரெண்டு கொடுத்தோம். நான் தேயிலை ஃபேக்டரியில வேலை செய்யறேன்னு சொன்னதும் ஒரே சந்தோசம். உடனே அதைப் பிரிச்சு மோந்து பாத்து, அடுப்புல ஆட்டுப் பாலைக் கொதிக்க விட்டு, ஒரு கை நிறைய அள்ளிப் போட்டாங்க. நான் கண்ணை மூடிக்கிட்டேன்! இருபது நிமிசம் கழிச்சு எங்களுக்கே கொண்டுவந்து கொடுத்தாங்க. எங்க ஷிஃப்ட்ல காய்ச்ச டீயாக்கூட இருக்கலாம். குடிச்சேன். அதை ருசி பாத்து மார்க் போடச் சொன்னா என்னால முடியாது.

அஞ்சு மணிக்கு மேல டிரைவர் தம்பி மெக்கானிக்கோட வந்து சேந்தான். பெரியவர் சடக்கு வரைக்கும் கூட வந்து, காடி கெளம்புற வரைக்கும் நின்னார். பேர் கேட்டு எழுதி வச்சிருக்கேன். அனுமதி கேக்காததால இங்க போடல.

தனோட் போய்ச் சேர இருட்டிடுச்சு. கோயிலைப் பாத்துக்கறது எல்லைக் காவல் படை, பி.எஸ்.எஃப். பூசையே ஜவான்கள்தான் செய்யறாங்க. ஆரத்தி நேரத்துல அவங்க மேளம் அடிச்சுப் பாடறதைக் கேட்டா உடம்பு சிலிர்க்குது. குண்டு வச்ச கண்ணாடிப் பெட்டியையும் பாத்தோம். கைக்குட்டையில வேண்டுதலை முடிஞ்சு கட்டுறது அங்க வழக்கம், ஆயிரக்கணக்குல தொங்குது. வீட்டம்மா ஒண்ணு கட்டினா. அவளுக்கு நிறைவேறினதுக்கு நன்றி. நானும் ஒண்ணு கட்டினேன்.

பிரசாதம் கொடுத்த ஜவான் எங்க பேச்சைக் கேட்டுட்டு, "அண்ணே, தமிழா நீங்க?"ன்னான். விருதுநகர் பக்கத்துப் பையன். தங்கச்சி அழுதே விட்டா. ஊரை விட்டு வந்து ஒன்றரை வருசம் ஆச்சாம். நாங்க மதியம் நடந்ததைச் சொன்னதும் அவன் ஆச்சரியப்படவே இல்ல. "இந்த ஊர்ல அப்படித்தாண்ணே. தண்ணி இல்லாத எடத்துல வந்தவனை விட்டா செத்துருவான்ல. நாளைக்கு அவங்களும் எங்கயாவது மாட்டுவாங்க"ன்னான். அவங்க ரோந்து போறப்போ இந்தக் குடிசைக்காரங்கதான் மோர் கொண்டுவந்து கொடுப்பாங்களாம்.

ஊர் திரும்பினதும் முதல் ஷிஃப்ட்ல, தனோட் பிரசாதத்தைக் காகிதத்துல மடிச்சு எடுத்துட்டு டிரையர் பக்கம் போனேன். நாலு நாள் ஒத்திகை பாத்து வச்சிருந்த இந்தியில, அந்தத் திருவிழாவன்னிக்கு நான் செஞ்சது தப்பு, மன்னிச்சுக்கோன்னு சொன்னேன். பிரசாதத்தைக் கண்ணுல ஒத்திக்கிட்டான். அப்புறம் மீட்டரைப் பாத்து, "போஸ், சூடு ஏறுது"ன்னு சொல்லித் திரும்பிக்கிட்டான். ஷிஃப்ட் முடிஞ்சு கை கழுவறப்போ அவனே வந்து, "அந்தப் பெரியவர் வீட்டுல என்ன போஸ் சாப்பிட்டீங்க?"ன்னு கேட்டான். கம்பு ரொட்டின்னேன். அவங்க அம்மா மடுவாவுல ரொட்டி சுடுவாங்களாம். மடுவான்னா நம்ம கேழ்வரகு. அவன் அம்மாவைப் பாத்து நாலு வருசம் ஆச்சு.

"திருவிழாவுக்கு வருவியா?"ன்னேன்.

"ஷிஃப்ட் பாக்கணும் போஸ்"ன்னான்.

ஷிஃப்ட் லிஸ்ட் போடறது நான்தான். அது அவனுக்கும் தெரியும்.

போன வாரம் இந்த வருச வேலைக்காகப் பழைய ரசீதுப் புத்தகத்தை எடுத்துப் பொரட்டினேன். ரெண்டு வருசத்துக்கு முந்தின அன்னதான உபயம், இருபது வெள்ளி, அவன் பேர் இருக்கு. எழுத்துப் பிழையோட. என் கையெழுத்துதான். சாப்பிட்டுட்டுப் போன எத்தனையோ பேர் காசு கொடுக்கல. கொடுத்தவனை நான் மழையில நிக்க வச்சிருக்கேன்.

கூட்டத்துல நான் ஒண்ணு கேட்டேன். இந்த வருசம் ஒரே வரிசை. யார் வந்தாலும் வந்த வரிசைப்படி. மேசை குறுக்கே போடற வேலை கெடையாது. சில பேருக்கு மனசு ஒப்பல. வெளிநாட்டு ஆளுங்க நூத்துக்கணக்குல வந்துட்டா நம்ம பிள்ளைங்களுக்குப் பத்தாதேன்னாங்க. அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு, தோட்டத்துல அவங்க எண்ணிக்கைதான் இப்போ ஜாஸ்தி. அப்போ மூலையில உக்காந்திருந்த நம்ம லயத்து ஆயா, "ஒங்க தாத்தன் கப்பல்ல வந்து எறங்கினப்போ எந்த வரிசையிலடா நின்னான்?"னு கேட்டாங்க. அதுக்கு அப்புறம் அந்தப் பேச்சை யாரும் எடுக்கல.

ஆகவே, பத்தாமப் போகக் கூடாது. போன வருசத்தை விட அரிசி நாலு மூட்டை கூடுதலா வேணும், பருப்பும் அதுக்குத் தக்கபடி. உபயம் செய்ய விரும்பறவங்க எனக்கு நேரடியா மெசேஜ் பண்ணுங்க. கூடாரமும் இன்னொண்ணு பின்பக்கம் போடணும், செருப்பு வைக்கிற எடம் வரைக்கும் மறைக்கிற மாதிரி. பரிமாற ஆள் பத்தல. காலையில எட்டு மணிக்கெல்லாம் வந்துடுங்க, பசியாற இட்லி உண்டு. இந்தியோ நேப்பாளியோ பங்களாவோ நாலு வார்த்தை தெரிஞ்ச பிள்ளைங்க இருந்தா வரிசைப் பக்கம் நிக்க வேணும்.

அன்னிக்கு எனக்குக் காலை ஷிஃப்ட் இல்ல. லிஸ்ட் போட்டாச்சு. அவனுக்கும் இல்ல.